ஜெபசிங்கின் வாழ்க்கைக் குறிப்பு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாதவர்களெல்லாம் இப்போது இருந்ததாகப் பேசுகிறார்கள். இறந்தவன் என் தம்பி ஜெபசிங், வயது அறுபத்தொன்று. அவன் மனைவி ரெஜினா. ஒரே மகள் அன்பரசி, மறைமலைநகரில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். எங்கள் அம்மாவின் தங்கை சந்திரம்மா, எண்பதைத் தாண்டியவள். குடும்பம் முழுதும் ஞானஸ்நானம் வாங்கியபோதும் வாங்காமல் மாரியம்மனோடு நின்றுகொண்டவள். பங்காளி சின்னையன். கோவளத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் பூபாலன். பாஸ்டர் இரண்டு முறை வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். பிறகு நான், ஞானதாஸ், ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். இத்தனை பேர்தான். மற்றவர்கள் எல்லாம் மழை விட்டபிறகு வந்தவர்கள்.

படாளத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் எங்கள் தெரு. எங்கள் அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தத் தெருவிலிருந்து போய்த் தாலுகா ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நாற்காலிக்காக நான் எதையெல்லாம் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. ஜெபசிங் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் நனையத் தண்ணீர். பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டி மதுராந்தகத்திலிருந்து டெம்போவில் வந்தது. அதன் ஸ்டாண்டுக்கு ஒரு கால் இல்லை.

"இன்னா அண்ணாத்த, மூணு காலோட அனுப்பிக்கிறானுங்க" என்றான் சின்னையன். "தரையில வெச்சா மோட்டாருக்குள்ள தண்ணி பூந்துடும். செங்கல்லு கீதா?"

"இந்த மயயில செங்கல்லுக்கு எங்க போறது" என்றாள் சந்திரம்மா. "உன் தலய குடு."

சின்னையன் யாரையும் கேட்கவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டுகளை இழுத்தான். பாலிதீன் தாளில் சுற்றிச் சணல் போட்ட கட்டுகள். எல்லாம் ஜெபசிங்கின் புத்தகங்கள், விற்காமல் திரும்பியவை. மூலைக்கு இரண்டாக எட்டுக் கட்டு வைத்தான். நான் தடுக்க வாயெடுத்தேன். ரெஜினா முந்திக்கொண்டாள்.

"வையி சின்னையா. முப்பது வருசமா நாங்க அத்த தூக்கினு இருந்தோம். வூடு மாத்தறப்பல்லாம் தூக்கினோம். மய வந்தா தூக்கினோம். இன்னிக்கி ஒரு நாள் அது தூக்கட்டும்."

பெட்டி ஆடாமல் நின்றது. அன்பரசி ஸ்விட்சைப் போட்டாள்.

ஜெபசிங் செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் பிழை திருத்தினான். கல்யாணப் பத்திரிகை, வாக்காளர் பட்டியல், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், எல்லாம். விடியுமுன் எழுந்து, அச்சகத்தில் கழித்துப் போட்ட புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் தன் கதைகளை எழுதிவிட்டு ஆறரை பஸ்ஸுக்கு ஓடுவான். அந்த அச்சகத்தையே மூடிவிட்டபிறகு நெம்மேலிப் பக்கம் ஒரு விடுதியில் கேட் காவலாளி. வண்டி நம்பர் குறிக்கிற நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதிக்கொண்டு வந்தான். நம்பரும் கதையும் நடுவில் சந்தித்த அன்று நோட்டை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாற்பது பக்கம் போயிற்று. மறுபடி ஞாபகத்திலிருந்து எழுதினான். பதிப்பாளர் முந்நூறு பிரதி அடிப்பார், நூறை இவன் வீட்டுக்கே அனுப்பிவிடுவார். நூலகத்துக்கு எடுப்பார்கள், எடுப்பார்கள் என்று காத்திருந்து தாள் பழுத்துவிடும். சில ஊர்களில் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வைகள் குளிருக்கும் ஆகாது, வெயிலுக்கும் ஆகாது என்று ரெஜினா அவற்றைத் தலையணை உறையாகத் தைத்துவிட்டாள்.

ஆனால் எங்கள் சபையில் அவனுக்கு ஒரு வேலை நிரந்தரமாக இருந்தது. எங்களில் யாராவது இறந்தால், அடக்கத்துக்கு முன் சர்ச்சில் இறந்தவருடைய வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கப்படும். குடும்பத்தில் மூத்தவர் வாசிப்பார். வாசித்த தாளைச் சர்ச் அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். முப்பது வருஷமாக அந்தக் குறிப்புகள் எல்லாவற்றையும் எழுதியவன் ஜெபசிங். சந்திரம்மாவின் கணவருக்குச் சர்ச்சும் இல்லை, சபையும் இல்லை. அவருக்கும் எழுதி, பதினாறாம் நாள் காரியத்தில் அவனே நின்று வாசித்தான்.

இப்போது அவனுக்கு எழுத வேண்டும். நாலு மணிக்குச் சர்ச். மணி பதினொன்று.

சின்னையன் வீட்டிலிருந்து கேழ்வரகுக் கூழும் வறுத்த மோர்மிளகாயும் வந்தன. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. ரெஜினா குடிக்கவில்லை. தண்ணீரில் காலை வைத்தபடி என் எதிரே வந்து நின்றாள்.

"மாமா, குறிப்பு நீங்க தான் எயுதணும், நீங்க தான் படிக்கணும். அது மொற. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவுரு எயுத்தாளருன்னு அதுல வரணும். ஆறு பொஸ்தகத்தோட பேரும் வரணும்."

"சர்ச்சில படிக்கிற குறிப்பும்மா அது. பிறப்பு, படிப்பு, உத்தியோகம், கல்யாணம், சபை ஊழியம். அதுதான் வழக்கம்."

"உத்தியோகம்னு இன்னா போடுவீங்க?"

"அச்சகத்தில் பிழை திருத்துநர்."

"அது சோத்துக்கு செஞ்சது."

"சோத்துக்குச் செய்யறதுக்குத்தான் உத்தியோகம்னு பேரு."

சந்திரம்மா சுவரோரம் குந்தியிருந்தாள். "ஏண்டா ஞானம்" என்றாள். "ஊர்ல செத்தவனுக்கெல்லாம் எயுதிக் குட்த்தான். குடிச்சிட்டு ஏரில வுயுந்தவனுக்கு கூட நல்லதா நாலு வரி கண்டுபுடிச்சான். அவன இன்னான்னு சொல்றதுக்கு உனுக்கு வாய் வர்ல?"

"நீ சும்மா இரு சின்னம்மா."

"சும்மா தான் கீறேன். எண்பது வருசமா."

ரெஜினா குரலை உயர்த்தவில்லை. "அந்த மூணாவது பொஸ்தகம். அதுக்காகத் தான மாமா?"

அவளிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அந்த மூன்றாவது புத்தகத்தில் ஓர் அறுப்புக் களம் வருகிறது. கூலிக்கு நெல் தூற்றிய ஒரு பெண் வேலை முடிந்து கிளம்பும்போது, களத்து ஆள் அவளை நிறுத்தி மடியை அவிழ்க்கச் சொல்கிறான். எல்லார் முன்னாலும் அவிழ்க்கிறாள். இரண்டு கைப்பிடி நெல் கீழே விழுகிறது. அவளுடைய மூத்த மகன், ஒன்பது வயது, பக்கத்தில் நிற்கிறான். அம்மா அவனைப் பார்க்கிறாள். அவன் யாரோ மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுகிறான். அந்தப் பெண் எங்கள் அம்மா. அந்தப் பையன் நான். ஜெபசிங் அப்போது பிறக்கவே இல்லை. அம்மா அவனிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சாகும்வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

புத்தகம் வந்த மாதம் நான் துணை வட்டாட்சியராக இருந்தேன். என் மேஜைக்குக் கோப்பு கொண்டுவரும் ஒருவன் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, "சார், இது உங்க வீட்டுக் கதையாமே" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். அதுதான் பொறுக்கவில்லை. ஆறு வருஷம் நான் ஜெபசிங்கோடு பேசவில்லை. என் பெரிய மகன் கல்யாணத்துக்கு அவன் வந்து கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. பூபாலன் வந்திருந்தான். கோவளத்திலிருந்து திருப்போரூர் வழியாக மூன்று பஸ் மாறி, ஒரு பேனரை உருட்டி மழையில் நனையாமல் கொண்டுவந்திருந்தான். சின்னையன் ஒரு முனையைப் பிடித்து விரித்தான். ஜெபசிங்கின் படம். கீழே சிவப்பில் ஓரடி உயர எழுத்து: எழுத்தாளர் ஜெபசிங்.

"இன்னா மச்சான், வெறும் பேரு தான் கீது? கவித ஒண்ணும் காணோம்" என்றான் சின்னையன்.

"பன்னெண்டு வருசமா என் கட பேனருக்கு அவரு வரி சொல்லுவாரு, நான் டைப் அடிப்பேன் மச்சான். மீன்காரங்க வூட்டு சாவு, பாய் வூட்டு கல்யாணம், பொண்ணு வயசுக்கு வந்தது, எல்லாத்துக்கும் அவரு தான். ஒரு வாட்டி சொன்னத இன்னொரு வாட்டி சொல்ல மாட்டாரு. 'பூபாலா, செத்தவன் வேறன்னா வரியும் வேற'ன்னுவாரு. காலையில கம்ப்யூட்டரு முன்னாடி குந்திகினு பாத்தேன். ஒரு வரி வர்ல."

"பழைய பேனர்ல இருந்து ஒண்ண எடுத்து போட வேண்டியது தான?"

"போட்டா எயுந்து வந்து திட்டுவாரு."

"காத்து அடிக்குது. கிழிஞ்சிடும். மடிச்சு வை" என்றேன்.

காற்று அடிக்கவில்லை. பூபாலன் வெளியே தென்னை மரத்தைப் பார்த்தான். மட்டை அசையவில்லை. "சரிங்க சார்" என்று மடித்தான்.

நான் தாளை எடுத்து உட்கார்ந்தேன். பிறந்த தேதி எழுதினேன். படித்த பள்ளி, பணிபுரிந்த இடம், திருமணமான நாள், நோய்வாய்ப்பட்டது, செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் வாரம் இருமுறை டயாலிசிஸ், இறந்த நேரம். ஏழு வரியில் முடிந்துவிட்டது. அன்பரசி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"பெரீப்பா" என்றாள். "இது டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி கீது."

"உள்ளது அவ்வளவுதான்."

"உள்ளது அவ்ளோ தானா? தெரிஞ்சது அவ்ளோ தானா?"

அவள் அப்பனின் வாய். நான் தாளைக் கிழித்தேன். இன்னொன்று எழுதினேன். அதுவும் அப்படியே வந்தது. முப்பத்தாறு வருஷம் அலுவலகக் குறிப்பு எழுதிய கை. உணர்ச்சி வந்தால் அடித்துவிட்டுத் திருத்தமாக எழுதப் பழகிய கை. மணி இரண்டாயிற்று. குடையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் என் வீட்டுக்குப் போனேன்.

என் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு இருந்தது. என்னுடையது. அதற்கு முந்தின தை மாதம் நானே ஜெபசிங்கைக் கூப்பிட்டு எழுதச் சொன்னது. நான் போனபிறகு யாரோ எதையோ எழுதி வாசிப்பதை நான் விரும்பவில்லை. உயிரோடிருக்கும்போதே படித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டு வைக்க நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் வந்தான். கேள்வி கேட்டான். அப்போதே டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தான். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி.

"அண்ணே, நீ பயந்தது எப்போன்னு சொல்லு."

"பயந்ததெல்லாம் எதுக்கு? பதவி உயர்வு தேதி எழுதிக்கோ."

"எழுதிக்கினேன். பயந்தது?"

"நான் பயப்படல."

நோட்டை மூடிக்கொண்டு போனான். மறுவாரம் இரண்டு பக்கம் கொண்டுவந்து கொடுத்தான். களத்தைப் பற்றி ஒன்றுமில்லை. புகழ்ச்சியும் இல்லை. ஆனால் படித்தபோது அது நான்தான். 'பிறர் நிலத்தில் விளைந்ததைப் பிறர் களத்தில் அடித்தவர்களுடைய மகனாகப் பிறந்தார். குனிந்து நடந்தால் வம்பில்லை என்று சொல்லிக்கொடுத்த தெருவில் நிமிர்ந்து நடந்தார். அதற்கு ஆன செலவை வேறு யாரும் அறியவில்லை. தாம் பார்த்ததை அவர் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே கடைசிவரை சுமந்தார்.' நான் சரி என்று கையெழுத்துப் போட்டு வைத்தேன். அவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். அதிகம் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று பாதி வைத்துவிட்டான். அதைத் தவிர வேறெதுவும் நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் இலாகாவில் ஒரு பழக்கம் உண்டு. அவசரத்துக்குப் பழைய உத்தரவு ஒன்றை எடுத்து, பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றிப் புது உத்தரவாகப் போடுவோம். அதைத்தான் செய்தேன். ஞானதாஸ் என்பதை ஜெபசிங் என்று மாற்றினேன். துணை வட்டாட்சியர் என்பதை அடித்துப் பிழை திருத்துநர் என்று எழுதினேன். இரண்டு மகன்கள் என்பதை ஒரு மகள் ஆக்கினேன். தேதிகளைத் திருத்தினேன். அதைச் சுத்தமாகப் பிரதியெடுத்துப் பழையதைக் கிழித்துப் போட்டேன். புத்தகங்களைப் பற்றி ஒரு சொல் சேர்க்கவில்லை. மணி மூன்றரை.

சர்ச்சில் நல்ல கூட்டம். மழை விட்டிருந்தது. சந்திரம்மா வழக்கம்போல் உள்ளே வரவில்லை. வாசற்படியில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். பாஸ்டர் ஜெபித்துவிட்டு என்னை அழைத்தார். நான் நிமிர்ந்து நின்று வாசித்தேன்.

இரண்டாவது வாக்கியத்திலேயே பெஞ்சுகளில் ஒரு அசைவு. தலைகள் ஒன்றையொன்று பார்த்தன. நான் நிறுத்தவில்லை. 'தாம் பார்த்ததை அவர் எவரிடமும் சொன்னதில்லை' என்ற இடத்துக்கு வந்தபோதுதான், யாரைப்பற்றி வாசிக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. பார்த்தது, பார்க்காதது, கேட்டது எல்லாவற்றையும் ஆறு புத்தகமாகச் சொல்லிவிட்டுப் போனவனைப்பற்றி. முன் பெஞ்சில் ரெஜினா தலையைத் தூக்கினாள். அவள் முகத்தில் வந்தது சிரிப்பா வேறொன்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வாசித்து முடித்தேன்.

ஆமென் சொல்லும் நேரம். யாரும் சொல்லவில்லை. வாசலிலிருந்து சந்திரம்மாவின் குரல் கேட்டது.

"இது அவன் எயுதுனது தான?"

"பாட்டி, கொஞ்சம் அமைதியா" என்றார் பாஸ்டர்.

"இருங்க சாமி. எங்கூட்டுக்காரரு செத்தப்ப இதே மேரி தான் எயுதிப் படிச்சான். எனுக்கு ஒரு எயுத்து தெரியாது. கேட்டா தெரியாதா? கொரலு ஞானத்துது. பேச்சு ஜெபசிங்குது."

பின் பெஞ்சில் ஒருவர், "ஆமா, எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்" என்றார். இன்னொரு பெண், "எங்க அக்காவுக்கு" என்றாள். அந்தச் சர்ச்சில் அவனுடைய புத்தகம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. எங்கள் வீட்டாரைத் தவிரப் படித்தவரும் இல்லை. ஆனால் அவன் வாக்கியத்தை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ரெஜினா எழுந்தாள். "மாமா" என்றாள், வீட்டில் பேசுகிற அதே குரலில். "எல்லாருக்கும் தெரிஞ்சிகினு கீது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அவுரு இன்னா வேல செஞ்சாரு?"

தாள் என் கையில் இருந்தது. நூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்தான். பூபாலனின் பேனரில் ஓரடி உயரத்துக்கு இருந்த சொல். நான் அவளைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளை நான்காக மடித்துப் பாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. சின்னையனும் இன்னொருவனும் பெயிண்ட் டப்பாவால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. மறுபடி தூறல் பிடித்தது. குழிக்குள் மழை விழாமலிருக்கச் சின்னையன் பேனரைக் கொண்டுவரச் சொன்னான். நான்கு பேர் நான்கு முனையில் தூக்கிப் பிடித்தார்கள். அதன் கீழேதான் அவனை இறக்கினோம். எனக்குப் பேனரின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. மண் தள்ளும்போது அன்பரசி என் பக்கத்தில் வந்து, "மடிச்சு வெச்சது நல்லதாப் போச்சு பெரீப்பா. கிழியல" என்றாள். அதற்குப்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

இது நடந்து நான்கு மாதமாகிறது. இப்போது படாளம் டீக்கடைகளில் ஒரு பேச்சு உலவுகிறது. ஜெபசிங் தன் வாழ்க்கைக் குறிப்பைத் தானே எழுதி வைத்துவிட்டு, டயாலிசிஸுக்குப் போவதை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே செத்தான் என்கிறார்கள். 'சொல்லாமலே சுமந்தார்' என்று அவனே எழுதியிருக்கிறானே, என்ன சுமந்தான், வீட்டில் என்ன தொல்லை என்று ரெஜினாவைப் பார்த்துக் கேட்கிறார்கள். கல்லறைக் கல் நாட்டக் கேட்டுப்போன அன்பரசியிடம், அந்தப் பேச்சு உண்மையானால் கமிட்டியில் வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்று சபையில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அப்படிச் செத்தவர் யாருமில்லை. அதனால் எழுதுகிறேன். இதன் ஒரு பிரதியைப் பாஸ்டரிடம் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பேச்சு தவறு. செவ்வாயும் வெள்ளியும் அவன் டயாலிசிஸுக்குப் போனான். இறப்பதற்கு முந்தின வெள்ளியும் மழையில் அன்பரசியோடு பஸ்ஸில் போய் வந்தான். அலமாரியில் அவன் பெயரில் இருக்கும் குறிப்பு அவனுடையது அல்ல. அது என்னுடையது. பெயரை மாற்றியவன் நான். எழுதியவர் எழுத்தாளர் ஜெபசிங்.